கில்ட்டோடு என்ன போடுவது

நல்ல கில்ட் ஒன்றுக்கு எட்டு கஜம் கம்பளித் துணி பிடிக்கும். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இரண்டு தட்டையான மடிப்பு. பின்பக்கம் முழுக்கக் கொசுவம், கத்தி வைத்துக் கீறியது போல. துணியின் கனத்தை இன்னமும் அவுன்ஸில்தான் சொல்கிறார்கள், கஜத்துக்கு இத்தனை என்று. வாடகைக் கடையில் கிடைப்பது 10, 11 அவுன்ஸ். சொந்தமாகத் தைத்துக்கொள்பவர்களில் பெரும்பாலானோர் 13. பழைய ஆட்களும் பேக்பைப் வாசிப்பவர்களும் 16. கனமான துணியில்தான் கொசுவம் ஒழுங்காகத் தொங்கும், நடக்கும்போது ஊஞ்சல் மாதிரி ஆடி மறுபடி தன் இடத்துக்கு வந்து நிற்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் வெயில் நாளில் அதைக் கட்டுவது, இடுப்பில் பவானி ஜமக்காளத்தைச் சுற்றிக்கொண்டு திருவிழாவுக்குப் போவதற்குச் சமம்.

ஸ்காட்லாந்தில் ஏதுய்யா வெயில் என்று ஊரில் கேட்பார்கள். 2022 ஜூலை 19 அன்று தெற்கே சார்ட்டர்ஹால் என்ற இடத்தில் 34.8 டிகிரி பதிவானது. அது வரலாற்று உச்சம், தினசரிக் கதை கிடையாது. ஆனாலும் 24, 25 டிகிரி நாட்கள் வரத்தான் செய்கின்றன. நிழலே இல்லாத புல்வெளியில் காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை நிற்கும்போது அந்த 25 போதும். கில்ட்டைப் பெட்டியிலிருந்து எடுக்க வைக்கும் விழாக்களும் இந்த நாட்களில்தான் வருகின்றன. மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை ஊருக்கு ஊர் ஹைலேண்ட் விளையாட்டு. ஜூனில் சீரஸ், ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீனில் உலகப் பேக்பைப் குழுப் போட்டி, மாதக் கடைசியில் டனூனில் கோவல், செப்டம்பர் முதல் சனிக்கிழமை அரச குடும்பமே வந்து உட்காரும் பிரேமார். ஒரே மைதானத்தில் ஒரு மூலையில் மரத்தடி தூக்கி எறிகிறார்கள், இன்னொரு மூலையில் சின்னப் பெண்கள் வாள்மேல் நடனம் ஆடுகிறார்கள், நடுவில் யாரோ ஓடுகிறார்கள், இதற்கெல்லாம் மேலே ஐம்பது பேக்பைப் சத்தம். நம்ம ஊர்க் கொடைக்குப் பழகியவனுக்கு அந்தக் குழப்பம் ரொம்பப் பிடிக்கும்.

என் கில்ட் கடையில் வாங்கியதல்ல. நான் பெர்த் நகரத்தில் பழைய கல் கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். எனக்குக் கீழ்வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இளமையில் கட்டாய ராணுவ சேவைக்காக இரண்டு வருடம் பிளாக் வாட்ச் படைப்பிரிவில் இருந்தவர். ஒரு பொங்கலன்று நான் வேட்டியோடு குப்பை கொட்ட இறங்கியபோது மாடிப்படியில் மறித்து நிறுத்திக்கொண்டார். எத்தனை கஜம், எப்படி நிற்கிறது, பின் குத்தியிருக்கிறாயா, பணத்தை எங்கே வைப்பாய்? ஜனவரிக் குளிரில் அந்தப் படியில் நின்று எட்டு முழத்துக்கும் எட்டு கஜத்துக்கும் கணக்குப் போட்டோம். அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் துணியைப் பற்றித்தான்.

போன வருடம் பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். மே மாதம் அவருடைய மனைவி கதவைத் தட்டினார். கையில் நீளமான துணிப்பை. “பசங்க ரெண்டு பேருக்கும் இடுப்பு பத்தாது, அவங்க கனடாவுல இதை எங்கே போடப் போறாங்க. பூச்சி அரிச்சிடும். நீ கோடையில கேம்ஸுக்குப் போட்டுட்டு வா, சன்.” அந்த ஊர்ப் பெரியவர்கள் நாம் ‘தம்பி’ என்பதுபோல இளையவர்களை ‘சன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அன்று அந்தச் சொல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாகத்தான் விழுந்தது.

பைக்குள் இருந்தது பிளாக் வாட்ச் கட்டம். கரும்பச்சை, கருநீலம், கறுப்பு. இருட்டில் பார்த்தால் கட்டமே தெரியாது. இந்தக் கட்டத்தை யார் வேண்டுமானாலும் உடுத்தலாம். குலத்துக்கு ஒரு கட்டம் என்று கடைகளில் அடுக்கிவைத்திருப்பதில் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டு வியாபாரம். பானக்பர்ன் ஊரின் வில்சன் நெசவாலை 1819-இலேயே மாதிரிப் புத்தகம் வைத்திருந்தது. 1842-இல் ‘பழைய ஓலை’ கிடைத்துவிட்டது என்று இரண்டு சகோதரர்கள் வெளியிட்ட புத்தகமோ பொய். இன்று சட்டம் எதுவும் யாரையும் தடுப்பதில்லை. பால்மோரல் கட்டம் ஒன்றுதான் அரச குடும்பத்துக்கும் அரசரின் பேக்பைப்காரருக்கும் என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே “நான் போடலாமா” என்ற கேள்விக்கு நடைமுறையில் விடை சுலபம். என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறு. 1746-இல் ஹைலேண்ட் ஆண்கள் கில்ட்டும் கட்டத் துணியும் அணியக்கூடாது என்று சட்டம் வந்தது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, இரண்டாவது தடவை ஏழு வருடம் நாடு கடத்தல். 1782-இல்தான் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். அதுவரை கில்ட்டைச் சட்டப்படி உடுத்த ஹைலேண்ட் ஆணுக்கு இருந்த வழி, பிரிட்டிஷ் அரசின் பட்டாளத்தில் சேர்வது. பிளாக் வாட்சே ஹைலேண்ட் மக்களைக் கண்காணிக்க அந்த மக்களிலிருந்தே திரட்டிய படை. அதன் இரண்டாவது பட்டாளம் இந்தியாவுக்கு வந்தது, 1786-இல் 73ஆம் ரெஜிமென்ட் என்று தனிப்பெயர் பெற்றது. மங்களூரில் திப்புவிடம் முற்றுகைப்பட்டது அந்தப் படை, 1799-இல் சீரங்கப்பட்டணத்துக்குள் நுழைந்ததிலும் அது இருந்தது. பிறகு இலங்கை, 1815-இல் கண்டி. இந்தப் பெயர்களையெல்லாம் எனக்குச் சொன்னவரே பெரியவர்தான். “எங்க கொடியில உங்க ஊர்ப் பேரு இருக்கு தெரியுமா” என்று ஒருநாள் கேட்டார். பெருமையாகக் கேட்டாரா, கூச்சமாகக் கேட்டாரா என்று அந்த முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்க ஊர் இல்லை, பக்கத்து மாநிலம் என்று திருத்தினேன். “உன் பக்கத்து மாநிலம், என் தாத்தாவோட தாத்தா பட்டாளம். நீ டீ குடிக்கிறியா?” என்றார்.

இதில் இன்னொரு வேடிக்கை. 1809-இல் 73 உட்பட ஆறு ஹைலேண்ட் ரெஜிமென்ட்களிடமிருந்து கில்ட்டை ராணுவமே பறித்துக்கொண்டது. மற்ற ஊர்க்காரர்கள் பாவாடை கட்டிக்கொண்டு சேர யோசிக்கிறார்கள், ஆள் சேர்ப்புக்கு இடைஞ்சல் என்று காரணம். ஆக, ஊரில் உடுத்தினால் சிறை, பட்டாளத்தில் உடுத்தினால் சம்பளம், அப்புறம் பட்டாளத்திலும் கிடையாது. இதைப் படித்த பிறகு அந்தத் துணிமேல் எனக்கு இருந்த கசப்பு முழுதாகப் போகவில்லை, உருவம் மாறியது. 2014-இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் வேட்டி கட்டியதற்காக உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்ததும், அடுத்த மாதமே சட்டமன்றத்தில் அதற்கு எதிராகச் சட்டம் போட்டதும் நினைவிருக்கும். இடுப்புத் துணிக்காக அரசாங்கங்கள் சட்டம் போடும் வழக்கம் நமக்கும் புதிதல்ல.

சரி, போடுவது என்று முடிவாயிற்று. எதனோடு?

வாடகைக் கடைகளைக் கேட்டால் ஒரே பதில்தான். பிரின்ஸ் சார்லி என்கிற வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டு, வெயிஸ்ட்கோட்டு, போ டை, வெள்ளைக் காலுறை, முடி வைத்த இடுப்புப் பை. இது ராத்திரி விருந்துக்கும் கல்யாணத்துக்கும் உரிய உடுப்பு. பகல் பன்னிரண்டு மணிக்குப் புல்வெளியில் இதைப் போட்டு நிற்பவர், பட்டு வேட்டி அங்கவஸ்திரத்தோடு ஜல்லிக்கட்டு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருப்பார். எதிர்க்கோடியில் இருப்பவர்கள் பையன்கள்: கால்பந்து பனியன், ஓட்டப்பந்தய ஷூ, கில்ட்டை ஜீன்ஸ் போல இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டியிருப்பார்கள். பனியன் மேல் எனக்குப் புகார் கிடையாது. மரத்தடி எறியும் மல்லர்களே அப்படித்தான் வருகிறார்கள்; போட்டியில் இறங்கக் கில்ட் கட்டாயம், மேலே பனியனோ கை வைக்காத சட்டையோ போதும். இறக்கிக் கட்டுவதுதான் கொடுமை. கில்ட் தொப்புள் உயரத்தில் நிற்க வேண்டிய துணி. அங்கே நின்றால்தான் அதன் எடையை இடுப்பு முழுக்கத் தாங்கும், கீழ்விளிம்பு முழங்கால் சில்லின் மேல் வந்து நிற்கும், கொசுவம் பிட்டத்தின் வளைவில் பிரியாமல் விழும். கீழே இறக்கினால் மூன்றும் கெட்டுப்போகும்.

கில்ட்டுக்குக் கீழ்விளிம்பில் மடித்துத் தைப்பதே இல்லை, துணியின் கரைதான் விளிம்பு. அதனால் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ லேசில் முடியாது. நானும் பெரியவரும் ஒரே உயரமாக இருந்தது அதிர்ஷ்டம். இடுப்புதான் வேறு. கில்ட் தைப்பவரிடம் கொண்டுபோய் வார்ப்பூட்டுகளை இரண்டரை அங்குலம் தள்ளித் தைத்து வாங்கினேன். பழைய இடத்தில் தையல் ஓட்டைகள் இன்னும் தெரிகின்றன. அவற்றை மூடட்டுமா என்று அவர் கேட்டார், வேண்டாம் என்றேன்.

மேலே நான் தேர்ந்தெடுத்தது வெளிர் நிற லினன் சட்டை. முழுக்கை, முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டது, கழுத்துப் பொத்தான் திறந்தது. கில்ட் உயரத்தில் நிற்பதால் சட்டை நீளமாக இருந்து உள்ளே நன்றாகச் செருகியிருக்க வேண்டும், இல்லையென்றால் கையைத் தூக்கும்போதெல்லாம் வயிறு எட்டிப் பார்க்கும். நெஞ்சில் கயிறு கட்டிய தொளதொளச் சட்டை ஒன்று சுற்றுலாக் கடைகளில் விற்கிறது, ஜேகோபைட் சட்டை என்று பெயர். பெரியவருக்கு அதைக் கண்டால் ஆகாது. கடற்கொள்ளைக்காரன் நாடகத்துக்கு ஓடி வந்தவன் மாதிரி என்பார். காற்றோட்டத்துக்கு அது உண்மையிலேயே நல்ல சட்டை, ஆனால் அவர் துணியோடு அதைப் போட எனக்கு மனம் வரவில்லை.

கட்டம் ஓர் இடத்தில் இருந்தால் போதும். சட்டையிலும் கட்டம் போட்டால் இரண்டும் சண்டை போடும். டையை வீட்டிலேயே விட்டுவிடலாம். ட்வீட் வெயிஸ்ட்கோட்டைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நான்கு மணிக்கு மேகம் வந்ததும் அதே மைதானத்தில் 14 டிகிரி ஆகிவிடும். மழைக்கோட்டு குட்டையாக இருக்க வேண்டும். சாதாரண நீளத்துக் கோட்டு கில்ட்டின் பாதியை மறைத்துவிடும், தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டுக்குக் கீழே எதுவுமே போடாத ஆள் மாதிரி தெரியும். இதை நான் நேரிலேயே பார்த்து ஒரு நொடி திடுக்கிட்டிருக்கிறேன்.

இடுப்புப் பையின் பெயர் ஸ்போரன். கில்ட்டில் பாக்கெட் கிடையாது என்பதால் வந்த சாமான். பொங்கலன்று “பணத்தை எங்கே வைப்பாய்” என்று அவர் கேட்டதற்கு நான் பட்டாப்பட்டியைப் பற்றி விளக்கினேன். வேட்டிக்குள் கோடு போட்ட கால்சட்டை, அதில் பெரிய பாக்கெட், அதற்குள் பீடிக்கட்டு, தீப்பெட்டி, சந்தையில் மாடு விற்ற காசு. ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, “அப்ப உங்க ஆளுங்க ஸ்போரனை உள்ளே போட்டுட்டாங்க” என்றார். கோடைப் பகலுக்கு முடி வைத்ததெல்லாம் வேண்டாம், மூன்று குஞ்சம் தொங்கும் பழுப்புத் தோல் பை போதும். போன், பஸ் டிக்கெட், சன்கிரீம் மூன்றும் கொள்ளும். நடக்கும்போது முன்னால் தட்டிக்கொண்டே இருக்கும். முதல் அரை மணி நேரம் சங்கடம், அப்புறம் மறந்துவிடும்.

சன்கிரீம் என்று சொன்னது முகத்துக்கு மட்டுமல்ல. கில்ட்டில் வெயில் படும் புதிய இடம் முழங்காலுக்குப் பின்பக்கம். ஜீன்ஸிலேயே வாழ்கிறவர்களுக்கு அந்த இடம் சூரியனையே பார்த்திருக்காது. காற்று நின்றுவிட்டால் அடுத்த கண்டம் மிட்ஜ். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கூட்டமாக வரும் பூச்சியினம், கடிப்பது பெண் பூச்சி மட்டும். காற்று மணிக்குச் சுமார் 7 மைல் வேகத்தைத் தாண்டினால் அதனால் பறக்க முடியாது, அதனால் திறந்த மைதானத்தில் தப்பிக்கலாம், மரத்தடியில் மாட்டிக்கொள்வோம். ஏவான் கம்பெனியின் ஒரு உடல் எண்ணெயைத்தான் ஹைலேண்டில் பாதிப் பேர் பூச்சிமருந்தாகப் பூசுகிறார்கள். பட்டாளத்துக்காரர்களும்தான். பேக்பைப் வாசிப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும், இரண்டு கையும் ஓய்வில்லை, முழங்கால் மொத்தமும் திறந்த விருந்து.

காலுறை முழங்காலுக்குக் கீழே மூன்று விரல் அகலத்தில் நிற்க வேண்டும், மடிப்புக்குள்ளிருந்து ஃபிளாஷ் என்கிற துணிநாடா எட்டிப் பார்க்கும். வெள்ளைக் காலுறை வேண்டாம், அது வாடகைக் கடையின் முத்திரை; பாசிப்பச்சையோ சாம்பலோ புல்லில் அழுக்குத் தெரியாமலும் இருக்கும். மதியத்துக்கு மேல் நிறையப் பேர் கணுக்கால்வரை சுருட்டி இறக்கிவிடுவார்கள், அதற்கு முரட்டு பூட்ஸ் போட்டிருந்தால் பொருந்தும். நாக்கில்லாமல் நீளக் கயிறு கட்டும் கில்லி ப்ரோக் ஷூ நடனத் தரைக்கு அழகு, நனைந்த மைதானத்தில் ஈரம் நேராக உள்ளே வரும். நான் பூட்ஸ்தான்.

கத்தி? காலுறையில் செருகும் ஸ்கியன் டூவை பெரியவரின் மனைவி பையில் வைத்தே கொடுத்தார். ஸ்காட்லாந்தின் 1995 குற்றச் சட்டத்தில் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதற்கு எதிரான பிரிவிலேயே, தேசிய உடையின் பகுதியாக என்றால் தற்காப்பு வாதம் உண்டு. சீக்கியர்களின் கிர்பானுக்கு உதவும் மதக் காரணமும் அதே இடத்தில்தான் வருகிறது. சட்டம் தெரிந்திருந்தும் நான் அதை வீட்டில் வைத்துவிட்டேன். கூட்டத்தில் கத்தி வைத்திருக்கும் பழுப்பு நிற ஆளாக இருந்து சட்டப் பிரிவு எண் சொல்லி விளக்கும் ஆசை எனக்கில்லை.

உள்ளே என்ன என்று கேட்பார்கள். எல்லோரும் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி உட்பட. ‘உண்மையான ஸ்காட்டிஷ்காரன்’ கதையெல்லாம் இருக்கட்டும். வாடகைக் கடைகள் உள்ளாடை போடச் சொல்லித்தான் கொடுக்கின்றன. வியர்வை, கம்பளி, தொடை மூன்றும் ஏழு மணி நேரம் உரசினால் என்ன ஆகும் என்று நம் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மெல்லிய பருத்தி அரைக்கால் சட்டை போட்டேன். கோடு போட்டது.

இந்த உடுப்பின் வரலாற்றில் மிகப் பிரபலமான கோடைக் கோலம் 1822 ஆகஸ்டில் எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜார்ஜ் மன்னருடையது. வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பு. மன்னர் 1,354 பவுண்டுக்குத் தைத்த சிவப்புக் கட்டத்தில், முழங்காலுக்கும் மேலே நின்ற கில்ட்டில், வெறுங்காலை மறைக்கத் தோல் நிறத்தில் இறுக்கக் காலுறை மாட்டிக்கொண்டு நின்றார். நாற்பது வருடம் முன்புவரை அதைக் கட்டியவனைச் சிறைக்கு அனுப்பிய அதே அரசின் தலைவர். கேலிச்சித்திரக்காரர்கள் விடவில்லை. அதற்குப் பிறகுதான் கில்ட் கீழ்நாட்டுக் கனவான்களின் உடையும் ஆயிற்று.

கேம்ஸ் நாளன்று பெரியவரின் மனைவியும் என்னோடு பஸ்ஸில் வந்தார். பெர்த்ஷையரில் ஒரு சின்ன ஊர். பஸ்ஸில் உட்காரும் முன் இரண்டு கையாலும் பின்கொசுவத்தை நீவி மடக்கி உட்கார்ந்ததைக் கவனித்தவர், “இதை யாரு கத்துக்கொடுத்தா?” என்றார். வேட்டி என்றேன். வேட்டி விலகாமல் உட்காரத் தெரிந்தவனுக்குக் காற்றும் நாற்காலியும் பாதி பயம்தான். மைதானத்தில் நுழைந்ததும் என்னை நிறுத்தி, ஏப்ரனின் ஓரத்தில் பின்னைக் குத்திவிட்டார். வெளி மடிப்பில் மட்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது இழுத்துத் துணி கிழியும். குத்தியபின் ஓர் அடி பின்னால் போய் என் முழங்காலிலிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இடுப்புக்கு மேல் வரவில்லை. “சட்டை பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்.

அவருடைய பழைய பேக்பைப் கூட்டாளிகள் நான்கைந்து பேர் அங்கே இருந்தார்கள். என் முகத்தைப் பார்க்கும் முன்பே துணியைப் பார்த்துவிட்டார்கள். அதில் ஒருவர் பின்னால் வந்து, அனுமதி கேட்காமலே, ஒரு கொசுவத்தைப் பிடித்து நேராக்கினார். கூடவே சொன்னார், “அவன் இதை ஜூலையில ஒரு தடவைகூடப் போட்டதில்லை. சூடு தாங்காதும்பான். 13 அவுன்ஸ்ல இன்னொண்ணு வெச்சிருந்தான்.” நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். “அந்த 13 அவுன்ஸ்லதான் அவரைப் பொட்டியில வெச்சோம்,” என்றார். “அவருக்கு இனிமே சூடு வேண்டாம்னு நெனச்சேன்.”

மூன்றரைக்கு மழை வந்தது. கம்பளி நனைந்தால் வாடை வரும், நனைந்த ஆட்டு மந்தைக்குள் நிற்பது போல. எடையும் ஏறும். ஆனால் குளிராது, ஈரத்தோடே கதகதப்பாக இருக்கும், இதுதான் அந்தத் துணியின் சாமர்த்தியம். கடைசிப் போட்டிவரை இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் ஹீட்டர் பக்கத்தில் தொங்கவிடாமல், காற்றாடும் இடத்தில் கவ்விகளில் மாட்டிக் காயவைத்தேன். துவைக்கக் கூடாது, பிரஷ் போட்டால் போதும். கொசுவத்தைப் பெரிய தையலாக ஓட்டிப் பிடித்து, ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டு, பிறகு நூலைப் பிரிக்க வேண்டும். அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையாவது கொசுவம் என்று எண்ண, நான் தைத்தேன். இருபத்தேழு. அடுத்த வாரம் அவருடைய ட்வீட் கோட்டையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், செப்டம்பர் குளிருக்கு என்று. தோள் எனக்குப் பெரிது. கோட்டைப் பிரித்துச் சின்னதாக்கும் தையற்காரர் யாராவது பெர்த்தில் இருக்கிறாரா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.